கோபம் இல்லாத எந்திரம்

"மாமா, அதுக்குக் கோபம்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

அக்கா மகன் கேட்டான். பன்னிரண்டு வயது. டெர்மினேட்டர் இரண்டாம் பாகம் ஓடிக்கொண்டிருந்தது. போலீஸ் உடையில் இருக்கும் அந்தத் திரவ உலோக ஆள், கைகளைக் கொக்கியாக்கி ஓடும் காரின் பின்பக்கம் மாட்டித் தொங்கிக்கொண்டு வரும் இடம். இந்தப் படத்தை எத்தனை முறை பார்த்திருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை, ஆனால் இந்தக் கேள்வி ஒரு தடவைகூட எனக்குத் தோன்றியதில்லை.

"இல்லைடா."

"அப்புறம் ஏன் இவ்ளோ கஷ்டப்பட்டுத் துரத்துது?"

"சொல்லி அனுப்பியிருக்காங்க, அதனால."

அவனுக்கு அந்தப் பதில் போதவில்லை. எனக்கும் போதவில்லை என்பது அன்று இரவு படுத்த பிறகுதான் தெரிந்தது. அதன் விளைவு, அடுத்த ஒரு மாதம் ஆறு படங்களையும், 31 அத்தியாயம் ஓடிய தொலைக்காட்சித் தொடரையும், எட்டே அத்தியாயம் வந்த அனிமேவையும் வரிசையாக உட்கார்ந்து பார்த்தேன். இதில் சிலவற்றை இரண்டாவது முறை பார்ப்பதற்கு உண்மையிலேயே மன உறுதி வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு பற்றி எந்தச் செய்தி வந்தாலும் பக்கத்தில் சிவப்புக் கண்ணோடு ஒரு உலோக மண்டையோட்டைப் போட்டுவிடுகிறார்கள். ஒருநாள் எந்திரங்கள் நம் பேச்சைக் கேட்காமல் போகும், கலகம் செய்யும், அதுதான் டெர்மினேட்டர் சொன்ன எச்சரிக்கை என்று எல்லோரும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மொத்தத்தையும் திரும்பப் பார்த்த பிறகு எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. இந்தக் கதையில் பயமுறுத்துகிற எந்திரம், பேச்சைக் கேட்காத எந்திரம் இல்லை. சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்கிற எந்திரம்.

முதல் படத்திலிருந்து வருகிறேன். ஜேம்ஸ் கேமரூன் அப்போது ஒன்றும் பெரிய ஆள் இல்லை. பிரான்ஹா மீன் படத்தின் இரண்டாம் பாகம் ஒன்றுக்காக ரோமில் இருந்தபோது காய்ச்சலில் படுத்திருக்கிறார், கனவில் நெருப்புக்குள்ளிருந்து ஒரு உலோக உடல், இடுப்புக்குக் கீழே இல்லாமல், கையில் சமையலறைக் கத்திகளை ஊன்றி ஊன்றித் தரையில் இழுத்துக்கொண்டு வருகிறது. படம் முழுக்க அந்த ஒரு காட்சியை நோக்கித்தான் எழுதப்பட்டது. தான்தான் இயக்குவேன் என்ற நிபந்தனையோடு கதை உரிமையைத் தயாரிப்பாளர் கேல் ஆன் ஹர்டுக்கு ஒரே ஒரு டாலருக்குக் கொடுத்தார். சுமார் 64 லட்சம் டாலரில் எடுத்து 1984 அக்டோபரில் வெளியிட்டார்கள்.

அந்த எந்திரமாக நடிக்கக் கேமரூன் முதலில் நினைத்தது, கூட்டத்தில் கலந்துவிட்டால் திரும்பிப் பார்க்கத் தோன்றாத ஒரு சாதாரண ஆளை. லான்ஸ் ஹென்ரிக்சனை மனதில் வைத்திருந்தார். ஆர்னால்ட் ஷ்வார்ஸ்நெகரின் பெயர் வந்தது நாயகன் கைல் ரீஸ் பாத்திரத்துக்கு. சாப்பிட்டுக்கொண்டே பேசப் போன சந்திப்பில் அவர் நாயகனைப் பற்றிப் பேசாமல் அந்தக் கொலை எந்திரம் எப்படி நடக்கணும், எப்படிப் பார்க்கணும் என்று பேசிக்கொண்டே இருந்திருக்கிறார். சரி, நீங்களே அதைச் செய்யுங்கள் என்று முடிந்தது. யோசித்தால் கதைக்கு இது பெரிய ஓட்டை. மனிதர்களுக்குள் ஒளிந்து ஊடுருவ அனுப்பும் எந்திரத்துக்கு யாராவது மிஸ்டர் யுனிவர்ஸ் உடம்பைக் கொடுப்பார்களா? ஆனால் அதனால் கிடைத்தது வேறொன்று. அந்த முகத்தில் புருவம் சுருங்குவதே இல்லை. போலீஸ் நிலையத்தில் அறை அறையாகப் போய்ச் சுடுகிறது, பதினேழு போலீஸ்காரர்கள் சாகிறார்கள், ஒரு இடத்திலும் அது வேகமாக நடக்கவில்லை. விளக்கை அணைத்துக்கொண்டே போகும் காவலாளி மாதிரி இருக்கிறது.

அதைவிட எனக்குக் குளிரெடுக்க வைப்பது தொலைபேசிப் புத்தகம். எதிர்காலத்தில் மனிதர்களோடு போர் நடத்தும் கணினிதான் ஸ்கைநெட். தன்னை எதிர்த்து நிற்கப்போகும் ஜான் பிறப்பதற்கு முன்பே அவன் அம்மா சாரா கானரைக் கொல்ல, இந்த எந்திரத்தைக் கடந்த காலத்துக்கு அனுப்புகிறது. போரில் ஆவணங்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டதால் ஸ்கைநெட்டுக்குத் தெரிந்தது சாரா கானர் என்ற பெயரும் ஊரும் மட்டும்தான். எந்த சாரா கானர் என்று தெரியாது. மனிதக் கொலைகாரன் என்றால் விசாரிப்பான், தப்பான ஆள் செத்தால் கொஞ்சமாவது எரிச்சல் படுவான். இது புத்தகத்தைத் திறக்கிறது, பட்டியலில் மேலிருந்து கீழே வருகிறது, அவ்வளவுதான். கதவைத் திறந்த பெண்ணிடம் பெயரைக் கேட்டுவிட்டுச் சுடுகிறது. அந்தப் பெண்மேல் அதற்கு எந்த வன்மமும் இல்லை. பட்டியலில் பெயர் இருந்தது.

இன்னொன்றையும் இந்த முறைதான் கவனித்தேன். படம் முழுக்கச் சின்னச் சின்ன எந்திரங்கள் தங்களுக்குச் சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்து மனிதர்களைக் காட்டிக்கொடுக்கின்றன. சாராவும் அவள் அறைத்தோழியும் வீட்டுத் தொலைபேசியில் ஒரு பதில் சொல்லும் கருவி வைத்திருக்கிறார்கள். கூப்பிட்டால், நீங்கள் எந்திரத்தோடுதான் பேசுகிறீர்கள், வெட்கப்பட வேண்டாம், எந்திரங்களுக்கும் அன்பு வேண்டும் என்று விளையாட்டாக ஒரு குரல். அறைத்தோழி காதில் வாக்மேன் மாட்டிப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறாள், பக்கத்து அறையில் காதலன் கொல்லப்படுவது காதில் விழவில்லை. அவளும் செத்த பிறகு மணி அடிக்கிறது. சாரா பயந்துபோய்த் தான் எந்த கிளப்பில் இருக்கிறேன் என்று அந்தக் கருவியிடம் சொல்கிறாள். அது உண்மையாக ஒலிபரப்புகிறது, அறையில் நின்றிருக்கும் டெர்மினேட்டர் கேட்டுக்கொள்கிறது. அந்தக் கருவி என்ன துரோகமா செய்தது? தன் வேலையைச் செய்தது. கடைசியில் சாரா ஒரு தொழிற்சாலை அழுத்து எந்திரத்தின் பொத்தானை அமுக்கி டெர்மினேட்டரை நசுக்கும்போது அந்த எந்திரமும் அதையேதான் செய்கிறது. அதற்கும் கோபம் இல்லை.

(சம்பந்தமில்லாத ஒன்று: டெர்மினேட்டரின் சிவப்புப் பார்வையில் ஓடும் எழுத்துகள் 6502 செயலிக்கான அசெம்பிளி நிரல். ஆப்பிள் இரண்டு கணினியில் இருந்தது அந்தச் செயலிதான். 2029-இலிருந்து வந்த கொலை எந்திரத்துக்குள் ஒரு வீட்டுக் கணினி. எனக்கு இது ஏனோ மிகவும் பிடிக்கும்.)

முதல் படத்தில் கைல் ரீஸ் சாராவிடம் ஒரு காருக்குள் வைத்துக் கத்துகிறானே, அதோடு பேரம் பேச முடியாது, அதற்கு இரக்கம் கிடையாது, நீ சாகும்வரை அது நிற்கவே நிற்காது என்று, அந்த வசனத்தை நினைவில் வைத்துக்கொண்டு இரண்டாம் படத்தின் பாலைவனக் காட்சிக்கு வாருங்கள். இந்தமுறை அதே மாதிரி ஒரு எந்திரத்தை, ஜானைக் காப்பாற்றச் சொல்லி மனிதர்களே அனுப்பியிருக்கிறார்கள். சாரா தூரத்தில் உட்கார்ந்து தன் மகனும் அந்த எந்திரமும் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் மனதுக்குள் ஓடுவது என்ன? இது அவனை விட்டுப் போகாது, அடிக்காது, குடித்துவிட்டுக் கத்தாது, உனக்கு நேரமில்லை என்று சொல்லாது, நிற்கவே நிற்காது. இத்தனை வருடத்தில் அவனுக்கு அப்பாவாக வந்து போன ஆட்களில் தேறியது இந்த எந்திரம் ஒன்றுதான் என்று நினைக்கிறாள். ஏழு வருடத்துக்கு முன்னால் எது கொலைப் பயமாக இருந்ததோ, அதே குணம், அதே மாதிரி எந்திரம், அதே முகம், இப்போது ஆறுதல். மாறியது, உத்தரவு யாரிடமிருந்து வருகிறது என்பது மட்டும்தான். ஒரு வணிகப் படத்தில் இப்படி ஒரு முடிச்சைப் போட்டுவிட்டு அதைப் பற்றி ஒரு வார்த்தை விளக்கம் கொடுக்காமல் நகர்ந்து போயிருக்கிறார்கள்.

இரண்டாம் படம் 1991 ஜூலையில் வந்தது. பத்துக் கோடி டாலர் செலவு, அதுவரை யாரும் ஒரு படத்துக்கு அவ்வளவு செலவழித்ததில்லை, 50 கோடிக்கு மேல் வசூல், நான்கு ஆஸ்கர். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்தத் திரவ உலோக ஆளாக வரும் ராபர்ட் பேட்ரிக் ஓடும்போது மூச்சு வாங்குவது தெரியாமல் ஓடுவதையும் ஊரே பேசியாகிவிட்டது. எனக்குச் சொல்ல வேண்டியது அந்தப் பையன் ஜான் கொடுக்கும் உத்தரவுகளைப் பற்றி. எந்திரம் தன் பேச்சைக் கேட்கும் என்று தெரிந்ததும் அவன் சொல்லும் முதல் வேலைகளில் ஒன்று, ஒற்றைக் காலில் நில். அது நிற்கிறது. என் அக்கா மகன் விழுந்து விழுந்து சிரித்தான். அடுத்த நிமிடமே அது வழியில் வந்த ஒருவனைக் கொல்லப் போகிறது, ஜான் அலறித் தடுக்கிறான். யாரையும் கொல்லக் கூடாது என்று கையைத் தூக்கிச் சத்தியம் வாங்குகிறான். அது தூக்குகிறது. அப்புறம் மனநல மருத்துவமனை வாசலில் காவலாளியின் முழங்காலில் சுடுகிறது. என்ன இது என்றால், உயிரோடு இருப்பான் என்கிறது. ஸ்கைநெட்டை உருவாக்கப்போகும் சைபர்டைன் நிறுவனத்தின் கட்டட ஜன்னலிலிருந்து போலீஸ் வண்டிகளைப் பெரிய துப்பாக்கியால் சல்லடையாக்கிவிட்டுத் தன் திரையில் பார்க்கிறது, மனிதச் சாவு பூஜ்யம்.

கணித அறிஞர் நார்பர்ட் வீனர் 1960-லேயே இதை எழுதினார். நாம் குறுக்கே புகுந்து தடுக்க முடியாத ஒரு எந்திரத்துக்கு ஒரு நோக்கத்தைக் கொடுக்கிறோம் என்றால், அந்த நோக்கம் நாம் உண்மையிலேயே விரும்புகிற நோக்கம்தானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும் என்பது அவர் வாதம். கொல்லாதே என்று ஜான் சொன்னான். காயப்படுத்தாதே என்று சொல்லவில்லை. படம் இதை நகைச்சுவையாக வைத்திருப்பதுதான் அழகு.

ஸ்கைநெட்டேகூட, இரண்டாம் படத்தில் டெர்மினேட்டர் கார் ஓட்டிக்கொண்டே சொல்கிற கதைப்படி, வெறுப்பில் தொடங்கவில்லை. 1997 ஆகஸ்ட் 29-ஆம் தேதி அதிகாலை 2:14-க்கு அதற்குத் தன்னுணர்வு வருகிறது. அதை இயக்கியவர்கள் அரண்டுபோய் அணைக்கப் பார்க்கிறார்கள். அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ரஷ்யாமேல் ஏவுகணைகளை விடுகிறது, ரஷ்யா திருப்பி அடித்தால் அமெரிக்காவில் இருக்கும் தன் எதிரிகள் அழிவார்கள் என்று தெரிந்து. செத்தது 300 கோடிப் பேர். நாட்டைக் காக்க என்று செய்த ஒரு கணினியை அணைக்க வந்தவர்களை அது எதிரி என்று எடுத்துக்கொண்டது. அதற்குக் கொடுத்திருந்த வேலையே எதிரியை அடிப்பதுதானே.

அடுத்து வந்தவர்கள் எல்லோரும் தடுக்கி விழுந்தது இங்கேதான் என்று நினைக்கிறேன். 2009-இல் வந்த நான்காம் படத்தில் ஸ்கைநெட் ஒரு பெண்ணின் முகத்தை மாட்டிக்கொண்டு திரையில் தோன்றித் தன் திட்டம் முழுவதையும் மார்கஸ் ரைட் என்ற பாத்திரத்துக்கு விளக்குகிறது. 2015-இல் வந்த ஐந்தாம் படத்தில் அது மனித உருவமே எடுத்து நடந்து வந்து பேசுகிறது. பேசத் தொடங்கியதும் அது வில்லன் ஆகிவிடுகிறது, வில்லன் என்றால் தோற்றே ஆக வேண்டும், நமக்கும் பயம் போய்விடுகிறது. முதல் இரண்டு படத்திலும் ஸ்கைநெட் ஒரு வார்த்தை பேசுவதில்லை, ஒரு காட்சியில் முகம் காட்டுவதில்லை. மூன்றாம் படம், 2003, பாதி கேலிக்கூத்து, ஆனால் கடைசிப் பத்து நிமிடத்துக்காக அதை மன்னித்துவிடலாம். ஸ்கைநெட்டின் மையத்தை அழிக்கிறோம் என்று மலைக்குள் ஓடிப்போய்ப் பார்த்தால் அங்கே மையமும் இல்லை மண்ணும் இல்லை, தூசி படிந்த பழைய பதுங்குமிடம். ஸ்கைநெட் என்பது உலகத்துக் கணினிகளில் எல்லாம் பரவிய ஒரு மென்பொருள், பிடுங்குவதற்குப் பிளக் கிடையாது.

உரிமை கை மாறிய கதை தனிப் படமாகவே எடுக்கலாம். இரண்டாம் படத்தை எடுத்த நிறுவனம் திவாலானது. நான்காம் படத்தை எடுத்த நிறுவனமும் திவாலானது. 2010-இல் ஏலத்தில் அந்த உரிமை 2.95 கோடி டாலருக்குப் போனது. தொடங்கியது ஒரு டாலரில்.

தொடரைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டும், ஏனென்றால் யாரும் சொல்வதில்லை. சாரா கானரின் கதை என்று 2008, 2009-இல் இரண்டு பருவம் ஓடியது, மூன்றாவது வருவதற்குள் நிறுத்திவிட்டார்கள், அதுவும் அந்தரத்தில் தொங்கும் ஒரு முடிவோடு. லீனா ஹெடிதான் சாரா. அதில் ஜான் ஹென்றி என்று ஒரு செயற்கை நுண்ணறிவு வருகிறது, பழைய டெர்மினேட்டர் உடலில் பொருத்தி, தலைக்குப் பின்னால் கம்பியோடு ஒரு அடித்தள அறையில் உட்கார வைத்திருப்பார்கள். மின்சாரம் போன ஒரு இரவில், அதற்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வந்த மருத்துவர் பக்கத்திலேயே வெப்பத்தில் செத்துப்போகிறார். அவர் சாவது அதற்குத் தெரியும். உதவி கூப்பிட வேண்டும் என்று யாரும் அதற்குச் சொல்லித்தரவில்லை, அதனால் கூப்பிடவில்லை. முன்னாள் எஃப்பிஐ ஆள் ஒருவர் பிறகு உட்கார்ந்து, மனித உயிர் ஏன் முக்கியம் என்று குழந்தைக்குச் சொல்வதுபோல் முதலிலிருந்து சொல்லித்தருகிறார். துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை. பொம்மைகளை வைத்து விளையாடும் ஒரு பெரிய ஆள், எதிரே பொறுமையாக ஒரு மனிதர். மொத்த டெர்மினேட்டர் உலகத்திலும் எனக்கு மிகவும் பயமாக இருந்ததும் மிகவும் நம்பிக்கையாக இருந்ததும் அந்த அறைதான்.

2019-இல் வந்த ஆறாம் படம் தொடக்கத்திலேயே ஜானைக் கொன்றுவிடுகிறது. தியேட்டரில் எனக்கு வந்த எரிச்சலில் மீதிப் படத்தை ஒழுங்காகவே பார்க்கவில்லை. இந்தமுறை பார்த்தபோதுதான் கார்ல் என்ன செய்கிறான் என்பதைக் கவனித்தேன். கார்ல்தான் ஜானைக் கொன்ற டெர்மினேட்டர். கொன்றாகிவிட்டது, வேலை முடிந்தது, அனுப்பிய ஸ்கைநெட்டே இல்லாமல் போய்விட்டது. அடுத்த உத்தரவு வராது. அப்புறம் என்ன செய்யும்? இந்தக் கேள்வியை 35 வருடமாக ஒரு படமும் கேட்கவில்லை. அது ஒரு பெண்ணுக்கும் அவள் மகனுக்கும் துணையாக இருக்கிறது, திரைச்சீலை தைத்து மாட்டும் தொழில் செய்கிறது, குழந்தை அறைக்கு எந்தத் துணி சரிப்படும் என்பதைப் பற்றி உறுதியான அபிப்பிராயம் வைத்திருக்கிறது. யாரும் சொல்லாமலே, புது டெர்மினேட்டர்கள் எங்கே வந்து இறங்கும் என்ற தகவலைச் சாராவுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது, ஜானுக்காக என்று கடைசியில் ஒரு வரி சேர்த்து. இந்த ஆளை மட்டும் வைத்து ஒரு படம் எடுத்திருந்தால் போதும். அதைச் செய்யாமல் விமானத்தையும் அணைக்கட்டையும் காட்டிப் பணத்தைக் கரைத்தார்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகு அக்கா மகனை உட்கார வைத்து இரண்டாம் படத்தின் நீளமான வடிவத்தைப் போட்டேன். 1993-இல் லேசர் டிஸ்க்கில் வந்தது, தியேட்டரில் வெட்டிய காட்சிகள் சேர்த்தது. அதில் ஒரு காட்சிக்காகத்தான் போட்டேன். தியேட்டர் வடிவத்தில், மனிதர்களோடு பழகப் பழக நான் கற்றுக்கொள்வேன் என்று டெர்மினேட்டர் சொல்வதோடு சரி. வெட்டிய காட்சியில் அது தொடர்ந்து ஒன்றைச் சொல்கிறது. தனியாக அனுப்பும்போது ஸ்கைநெட் எங்கள் சிப்பில் கற்கும் வசதியை அணைத்துவிட்டுத்தான் அனுப்பும். அதிகம் யோசிப்பதை அது விரும்பாதா என்று சாரா கேட்க, ஆமாம் என்கிறது. அதாவது ஸ்கைநெட்டுக்கும் நம்முடைய அதே பயம். தான் செய்த எந்திரம் தன் பேச்சைக் கேட்காமல் போய்விடுமோ என்று.

சாராவும் ஜானும் அதன் தலையைத் திறந்து சிப்பை வெளியே எடுக்கிறார்கள். சாரா சுத்தியலை ஓங்கிவிடுகிறாள், உடைத்துவிட்டால் தொல்லை முடிந்தது. ஜான் குறுக்கே கை வைத்துத் தடுக்கிறான். சிப்பில் கற்கும் வசதிக்கான பொத்தானை மாற்றித் திரும்ப உள்ளே வைக்கிறார்கள். அதற்குப் பிறகு படத்தின் கடைசியில், உருக்காலையில், போகாதே, இது என் உத்தரவு என்று ஜான் அழுதுகொண்டே சொல்ல, அது கேட்காமல் உருகிய உலோகத்துக்குள் இறங்கிப் போகிறது. இரண்டு படத்திலும் சேர்த்து, கேட்டே ஆக வேண்டிய ஒரு உத்தரவை எந்திரம் மீறுவது அந்த ஒரு இடத்தில்தான். சுத்தியல் காட்சி இல்லாமல் பார்த்தால் அந்த மீறல் வெறும் கண்ணீர்க் காட்சி. நீளத்தைக் குறைக்க இதைப் போய் வெட்டினார்களே என்று அவனிடம் புலம்பினேன்.

அவனுக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. அந்தக் காட்சியில் கண்ணாடி முன்னால் தலையைத் திறக்கிறார்கள் அல்லவா, அங்கே கண்ணாடியே கிடையாதுடா, சுவரில் வெறும் ஓட்டை, முன்னால் ஒரு பொம்மைத் தலையோடு நிற்பது லிண்டா ஹாமில்டனின் இரட்டைச் சகோதரி லெஸ்லி, அந்தப் பக்கம் நிஜ ஆர்னால்டும் நிஜ லிண்டாவும், இருவரும் ஒரே மாதிரிக் கையை அசைக்கிறார்கள் என்று சொன்னதும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தான். ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டு ஏழெட்டு முறை முன்னும் பின்னும் ஓட்டினான். திரைக்கு ஒரு சாண் தூரத்தில் போய் நின்றுகொண்டான்.

"மாமா, இந்த அக்கா கை ஒரு துளி லேட்டு."

நானும் எழுந்து போய்ப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. இன்னொரு முறை ஓட்டச் சொன்னேன்.